என்.பி.டி.இ.எல், ஃபெட், ஃபிஸ்போர்ட்: பி.எஸ்சி இயற்பியல் வகுப்புக்கு எது?

பி.எஸ்சி இயற்பியல் நடத்தும் ஆசிரியருக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

நம் கல்லூரிகளில் முதலில் காதில் விழும் பெயர் என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணைய விரிவுரைத் திட்டம் இது. குவாண்டம் இயங்கியல் போன்ற பாடங்களில் ஆசிரியர் தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அது விரிவுரைக் களஞ்சியம். அப்படியே வகுப்பில் ஓடவிட்டால் பாடம் நடத்துபவர்தான் மாறுவார். மாணவர் முன்போலவே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஃபெட் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிமுலேஷன் தொகுப்பு இது; சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? முதலில் கையைத் தூக்கச் சொல்லுங்கள், அப்புறம் மின்சுற்று சிமுலேஷனில் இணைத்துக் காட்டுங்கள். இரண்டும் ஒரே அளவில்தான் எரியும்; ஆனால் முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் பட்டதாரி வகுப்பிலும் உண்டு. உலகெங்கும் உள்ள ஆசிரியர்கள் தங்கள் பயிற்சித்தாள்களையும் அங்கே பகிர்கிறார்கள். பல பள்ளி அளவில்தான் இருக்கும், பொறுக்கி எடுக்க வேண்டும். பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத அறையிலும் ஓடும்.

சரி, இதனால் மாணவருக்குப் புரிந்ததா? அதற்குத்தான் ஃபிஸ்போர்ட். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் இத்தளத்தில், ஆய்வு செய்து உருவாக்கிய கருத்துத் தேர்வுகளை, அதாவது அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் தேர்வுகளை, ஆசிரியர் என்று பதிவு செய்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 1992இல் வந்த விசைக் கருத்துத் தேர்வு அவற்றில் புகழ்பெற்றது: 30 கேள்விகள், கணக்கே கிடையாது. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல், இவ்வகைத் தேர்வைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். முதல் தேர்வில் தவறவிட்ட மதிப்பெண்ணில் விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையே மீட்டன. மாணவரைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகள் 48 விழுக்காட்டை மீட்டன. நியூட்டன் விதியை வரி பிசகாமல் எழுதும் மாணவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இந்த எண்கள் சுடத்தான் செய்யும்.

குறையும் உண்டு. ஃபிஸ்போர்ட்டின் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்க வகுப்புகளை மனதில் வைத்தவை. தமிழ்வழியில் படித்து வந்தவருக்குக் கேள்வியின் ஆங்கிலமே தடையாகலாம்.

இருந்தும், ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃபிஸ்போர்ட்டையே சொல்வேன். பருவத் தொடக்கத்தில் அரைமணி நேரத் தேர்வு, முடிவில் அதே தேர்வு. இடையில் ஃபெட் பயன்படுத்தினாலும் சரி, வேறு முறை என்றாலும் சரி, பலன் தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டாம். வினாத்தாளை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள். வெளியே போனால் அடுத்த ஆண்டு மாணவருக்கு அந்தத் தேர்வு பயன்படாது.