214/600: ஒரே எண், இரண்டு வீடு. பெங்களூரில் சிலை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

அல்சூரில் ஒரு வீட்டு அலமாரியில் நிற்கும் சிலையின் பீடத்துக்கு அடியில் 214/600 என்று பொறித்திருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்னொரு வீட்டில் அதே சிலை. அதன் அடியிலும் 214/600. உலகம் முழுவதற்கும் 600 மட்டும் என்று எண் போட்டு வந்த பதிப்பில் 214 என்பது ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டையும் விற்றவர் ஒரே ஆள். வாங்கிய இருவரும் எங்கள் சேகரிப்பாளர் குழுவில் இருந்ததால் இது வெளியே வந்தது. இல்லாவிட்டால் இருவருமே அசலை வைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பொருள் இதுதான்: கவசம் போட்ட வீரன், தோளில் டிராகன் குட்டி, 1/4 ஸ்கேல் (உருவத்தின் நாலில் ஒரு பங்கு அளவு), பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த ரெசின்). ஒருவர் கொடுத்தது 62,000 ரூபாய், மற்றவர் 58,000. இரண்டுமே ரீகாஸ்ட். அசல் சிலை ஒன்றை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, சிலிகானில் அச்சு எடுத்து, அதில் ரெசின் (ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) ஊற்றி எடுத்த நகல்.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். சிலிகான் அச்சு அப்படியல்ல, ரப்பர் போல வளைந்து கொடுத்து வார்ப்பை விட்டுவிடும். ஒரே அச்சில் இருபது முப்பது முறை ஊற்றலாம். ஊற்ற ஊற்ற அச்சின் உள்முகம் தேய்ந்து, பிந்தைய வார்ப்புகளில் முகத்தின் கூர்மை மங்கிவிடும். இந்தப் பதிப்பில் எண்ணைத் தனித் தகட்டில் ஒட்டாமல் பீடத்திலேயே பொறித்திருந்தார்கள். அதனால் அச்சு எடுத்தபோது எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. விற்றவர் அதை அழிக்கவில்லை, ஏனென்றால் வாங்குபவரை நம்ப வைப்பதே அந்த எண்தான். கூட வந்த சான்றிதழ் அட்டையும் அசலை ஸ்கேன் செய்து அச்சடித்தது. அதிலும் 214தான்.

இருவரிடமும் விற்பனை நடந்த விதம் ஒன்றேதான். இன்ஸ்டாகிராமில் படம் வரும். அது தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட மாதிரிச் சிலையின் ஸ்டூடியோ படம். முன்பணம் 25,000 யுபிஐயில், அதுவும் தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு. ஸ்டாக் ஓசூர் குடோனில் இருக்கிறது, அதனால் நேரில் காட்ட முடியாது என்பார். அல்சூர்க்காரர் கேட்டார்: "அண்ணா, பேஸுக்கு அடியில ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." பதில்: "சீல் உடைச்சா வேல்யூ போயிடும் ப்ரோ. கம்பெனி பீஸு, பயமே வேண்டாம்." ஒரு மாதம் கழித்து, சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, 9,500 அனுப்பினால்தான் வெளியே வரும் என்று ஒரு செய்தி. பணம் போனது. பார்சலும் வந்தது. ஆனால் அது எந்தச் சுங்கத்தையும் தாண்டி வந்ததற்கான அடையாளம் பெட்டியில் எங்கும் இல்லை.

சீல் கதையை யாரும் நம்பக்கூடாது. இந்த அளவுச் சிலைகள் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் வரும். வெளியே பழுப்பு நிற ஷிப்பர் அட்டைப்பெட்டி, உள்ளே படம் போட்ட பெட்டி. ஷிப்பரை ஒட்டியிருப்பது சாதாரண டேப்தான். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினால் சேகரிப்பு மதிப்பு குறையாது. நல்ல விற்பனையாளர்கள் உடைசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். அதனால் பணம் கட்டும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: ஷிப்பரின் லேபிள், பீடத்தின் அடிப்பக்கம், முகம் அருகில், ஏதாவது ஒரு மூட்டின் உட்பகுதி. நான்கிலும் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாள் கூடவே தெரிய வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின் என்ன பார்ப்பது? முதலில் எடை. பாலிஸ்டோன் என்பது பாலியூரித்தேன் ரெசினில் கல்தூள் கலந்தது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்கும். தயாரிப்பாளர் பக்கம் இந்தச் சிலைக்கு 11.4 கிலோ என்றது. வந்தது 7.3 கிலோ. கல்தூளைக் குறைத்து, உள்ளே குடைவாக ஊற்றியதுதான் காரணம். பெட்டி, சூட்கேஸ் எடை பார்க்கும் தொங்கு தராசு இதற்குப் போதும். ஆனால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முழுக் கட்டியாக ஊற்றிய ரீகாஸ்ட் அசலைவிடக் கனமாக வருவதும் உண்டு.

அடுத்தது உயரம். ரெசின் இறுகும்போது சுருங்கும், சிலிகான் அச்சும் தன் பங்குக்குச் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு குறையும். 56 செ.மீ. இருக்க வேண்டிய சிலை 54.8 செ.மீ. இருந்தது. தயாரிப்பாளர்கள் அளவைச் சுற்றிச் சொல்வதும் உண்டு என்பதால் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். சுருக்கத்தின் உண்மையான சாட்சி மூட்டுகளில் இருக்கிறது. எல்லாப் பாகங்களும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. தடிமனான பாகம் ஒரு மாதிரி, மெலிந்த பாகம் ஒரு மாதிரி. அதனால் கை தோளில் சரியாக உட்காராது, ஒரு பக்கம் தாள் நுழையும் அளவு இடைவெளி விடும். அசலில் மூட்டுக்குள் நியோடிமியம் காந்தம் வைத்திருப்பார்கள், பாகத்தை அருகே கொண்டுபோனாலே 'டக்' என்று இழுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் சிட்டி சிலையில் ஒரு காந்தத்தைத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். கை ஒட்டாமல் விலகிப் போனது. அல்சூர் சிலையில் காந்தமே இல்லை, வெறும் ரெசின் முளை.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுத்த வாக்கில் பிடித்து முகத்தையும் விரல்களையும் பாருங்கள். காற்றழுத்தம் கொடுக்கும் கலனில் வைக்காமல் ரெசினை ஊற்றினால் விரல் நுனி, முடி நுனி, வாள் முனை போன்ற இடங்களில் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். அதை நிரப்புப் பசையால் (putty) அடைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் சிறு மேடாகவோ பள்ளமாகவோ காட்டிக்கொடுக்கும். இந்த டிராகனின் வால் நுனியில் மட்டும் மூன்று இடத்தில் அப்படி இருந்தது. கவசச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே ஓட்டை இருக்க வேண்டும். நகலில் அவை அடைபட்டு, சங்கிலி வெறும் கயிறு போலத் தெரியும். தோல் நிறம் ஒரே பூச்சாக, ஈரமான பளபளப்போடு இருக்கும். அசலில் மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருப்பதால் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நிறம் மாறும்.

நெருப்பு, மந்திர ஒளி போன்ற கண்ணாடி போலத் தெளிவான ரெசின் பாகங்கள் மஞ்சளாக இருந்தால் உடனே நகல் என்று முடிவு கட்ட வேண்டாம். வெயில் பட்ட அசலும் மஞ்சளாகும். ஆனால் புதுப் பெட்டியிலிருந்து எடுத்ததே மஞ்சளாகவும் மங்கலாகவும் இருந்தால் சந்தேகப்படலாம்.

கணுக்காலைக் கட்டாயம் கவனியுங்கள். எடை முழுக்க இறங்கும் இடம் அது. அசலில் உள்ளே இரும்புக் கம்பி ஓடும். நகலில் கம்பி வைக்காமல் விட்டுவிடுவார்கள். அல்சூர் சிலை ஆறே வாரத்தில் முன்பக்கம் சாய்ந்து, இடது கணுக்காலில் முடி போல விரிசல் விழுந்தது. விற்றவர் "ஃபெவிக்விக் போடுங்க ப்ரோ" என்றார். போடக்கூடாது. சயனோஅக்ரிலேட் பசை சுற்றியுள்ள பெயின்டில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், ஆதாரமும் கெட்டுவிடும். புகாருக்கு ஒரு முடிவு வரும் வரை உடைந்ததை அப்படியே பெட்டியில் படுக்க வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் துளை போட்டு, 2 மி.மீ. பித்தளைக் கம்பி செருகி, இரு கலவை எபாக்ஸியால் ஒட்டி ஒரு நாள் முழுக்க அசையாமல் விட வேண்டும்.

பிவிசி உருவங்கள் வாங்குவோர் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மூடிய பெட்டியில் பல மாதம் இருந்த பிவிசி பிசுபிசுப்பாக இருப்பது நகலுக்கு அடையாளம் அல்ல, பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் கசிவதுதான். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, காற்றாட வைத்தால் போகும். ஜப்பானிய அனிமே உருவங்களில் டோயி அனிமேஷன் உரிமம் பெற்றவை என்றால் பெட்டியில் பூனை முகம் போட்ட முத்திரை ஸ்டிக்கரைத் தேடலாம். ஆனால் ஸ்டிக்கரையும் நகல் எடுக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

விற்பவர்கள் சொல்லும் வார்த்தைகளுக்கும் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'ஃபேக்டரி சர்ப்ளஸ்', 'சைனா வெர்ஷன்' எல்லாமே நகல்தான். எண் போட்ட பதிப்பில் மிச்சச் சரக்கு என்று ஒன்று கிடையாது. நகல் என்று சொல்லி, நகல் விலைக்கு விற்பவர் வேறு. அசல் விலை வாங்கிக்கொண்டு நகலைத் தருபவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தாமதம் மட்டும் மோசடிக்கு அடையாளம் இல்லை. நேர்மையான முன்பதிவிலேயே மாதிரிச் சிலைக்குக் கதாபாத்திர உரிமையாளரின் ஒப்புதல், தொழிற்சாலை, கப்பல் என்று சொன்ன தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சுங்கவரியும் உண்மையிலேயே அதிகம்தான்: பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதனால்தான் 'கஸ்டம்ஸ் பணம்' என்று கேட்டால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் உண்மையில் வரி கட்டியிருந்தால் தாள் இருக்கும். கூரியர் நிறுவனம் வரியைப் பிரித்துக் காட்டும் பில்லைத் தரும், அதில் பார்சலின் டிராக்கிங் எண் இருக்கும். அந்த எண்ணை அதே நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். தாளைக் காட்டாமல் கேட்கும் கஸ்டம்ஸ் பணம் விற்பவரின் பைக்குத்தான் போகும்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஒட்டிய பெட்டியின் ஆறு பக்கமும், லேபிளும், தராசில் எடையும், பிரிப்பதும், பீடத்தின் அடிப்பக்கமும் நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும்.

ஏமாந்துவிட்டால்: பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனது என்றால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கில் பணம் முடங்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி கிடையாது, முன்பணத்தை அதில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பொருள் வந்து அது நகல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒரு கஷ்டம் இருக்கிறது: தன் சேகரிப்பிலிருந்து ஒன்றை மட்டும் விற்கும் தனிநபர் மீது நுகர்வோர் சட்டம் எளிதில் பாயாது, தொடர்ந்து வியாபாரம் செய்பவர் மீதுதான் பாயும். அதனால் அவருடைய மற்ற விற்பனைப் பதிவுகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கை அழித்துவிட்டால் பிறகு கிடைக்காது. பேசியதெல்லாம் போனில் என்றால், பேசியதைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆமாம்" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

இந்த இரண்டு புகாரும் இப்போது 1915இல் பதிவாகியிருக்கின்றன. அதே ஸ்டூடியோ படங்களோடு, கணக்கின் பெயர் மட்டும் மாறி, அதே வீரன் சென்ற வாரம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறான். விலை 55,000. குழுவிலிருந்து ஒருவர் வாங்குபவர் போலக் கேட்டதற்குப் பீடத்தின் அடிப்பக்கப் படத்தை இந்த முறை தயங்காமல் அனுப்பினார்கள். எண் 214/600.