கிளம்புவதா, உள்ளேயே இருப்பதா? புயலில் சிக்கிய பல்கலைக்கழகங்கள்

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஒரு பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு இருப்பவை இரண்டே வழிகள். விடுதிகளைக் காலி செய்து மாணவர்களை ஊரைவிட்டே அனுப்புவது ஒன்று. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் உள்ளேயே வைத்திருப்பது இன்னொன்று. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் டுலேன் பல்கலைக்கழகம் இரண்டையுமே செய்து பார்த்திருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா கரையேறியபோது கிளம்பியது. சரியாகப் பதினாறு வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 29இல் ஐடா வந்தபோது இருந்தது. ஒரே ஊர், ஒரே வளாகம், ஒரே தேதி. ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

2005: பெட்டியைப் பிரிக்கும் முன்பே

கத்ரீனாவுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை. முதலாண்டு மாணவர்கள் விடுதிக்குக் குடிவந்த நாள் அது. பெற்றோர்கள் காரிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே, அப்போதைய தலைவர் ஸ்காட் கோவன் எல்லோரையும் கூட்டி, வளாகத்தை மூடுகிறோம், இன்றைக்கே கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாதிச் சாமான் அறையிலேயே கிடந்தது.

கார் இல்லாதவர்கள், போக இடமில்லாதவர்கள் என்று சுமார் 600 பேர் மிஞ்சினார்கள். அவர்களைப் பேருந்தில் ஏற்றி, வடக்கே பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் இருக்கும் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். கத்ரீனா அங்கேயும் துரத்திக்கொண்டு போனது. ஜாக்சனிலும் கரண்ட் போனது. அப்புறம் அங்கிருந்து டல்லாஸ், அட்லாண்டா என்று இன்னொரு தடவை ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் நின்றது. வளாகத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். மாணவர்கள் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். கோவனும் ஒரு சிறு குழுவும் மட்டும் உள்ளே தங்கியிருந்து, பிறகு வெளியே வரப் பட்ட பாடே போதும் உதாரணத்துக்கு.

இதற்குக் கொடுத்த விலை பெரியது. ஒரு முழுப் பருவம் போயிற்று. மாணவர்கள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் தற்காலிகமாகச் சேர்ந்து படித்தார்கள். 2006 ஜனவரியில் கதவைத் திறந்தபோது செலவைக் குறைக்கப் பேராசிரியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்; சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் பொறியியல் படிப்புகளையே மூட முடிவெடுத்திருந்தார்கள். ஒரு புயல் ஒரு பொறியியல் கல்லூரியையே தூக்கிக்கொண்டு போனது. ஆனால் இது வெளியேறியதற்கான விலை இல்லை, வெள்ளத்துக்கான விலை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் ‘காலி செய்தால் வருடமே வீண்’ என்று வாதம் செய்வார்கள்.

2021: இரவு தாங்கியது, மறுநாள் தாங்கவில்லை

ஐடா வேறு மாதிரி. வியாழக்கிழமை வெறும் தாழ்வு மண்டலம். ஞாயிற்றுக்கிழமை மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறிய, ஐந்து வகைகளில் நான்காம் வகைப் புயல். நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும் வெளியே போகும் பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் நியூ ஆர்லியன்ஸை முழுசாகக் காலி செய்ய முடியும். அதற்கு நேரம் இல்லை என்று மேயர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். முடிந்தவர்கள் கிளம்பினார்கள். டுலேனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விடுதியிலேயே இருந்தார்கள்.

கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலர் செலவில் எழுப்பிய தடுப்புச் சுவர்களும் மதகுகளும் இந்தத் தடவை தாங்கின. வளாகத்தில் வெள்ளம் இல்லை. அந்த ஒரு இரவை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘உள்ளேயே இரு’ என்ற முடிவுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

ஆனால் நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் எட்டு உயரழுத்தத் தடங்களும் ஒரே இரவில் செத்துப்போயின. மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் ஒரு மின்கோபுரம் அப்படியே மடங்கி விழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் என்பது நம் சித்திரை வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தது. ஏசி இல்லாமல் வாழ அங்கே கட்டடங்களைக் கட்டுவதில்லை, ஜன்னலே திறக்காத அறைகள் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஐடாவின் பெயரில் எழுதப்பட்ட சாவுகளில் பெரும்பாலானவை வெள்ளத்தால் வந்தவை அல்ல, கரண்ட் இல்லாத வெக்கையால் வந்தவை. வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டிப் புகையால் இறந்தவர்களும் உண்டு.

ஆக, செவ்வாய்க்கிழமை டுலேன் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பேருந்துகள் வரிசையாக வந்தன. மாணவர்கள் பக்கத்து மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போனார்கள். அங்கே ஓட்டல் அறை, பிறகு விமானம் பிடித்து வீட்டுக்கு. செப்டம்பர் நடுவில் ஆன்லைன் வகுப்பு, மாத இறுதிக்குள் நேரடி வகுப்பு. 2005இல் நாலரை மாதம் பூட்டிக்கிடந்த இடம் இந்தத் தடவை ஒரு மாதத்தில் திறந்துவிட்டது.

அப்போது பலர் ‘பிறகு அனுப்பியதை முன்னாலேயே அனுப்பியிருக்கலாமே’ என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத் தெரியும். ஆனால் நடுச்சாலையில் நாற்பது பேருந்து நெரிசலில் நிற்கும்போது நான்காம் வகைப் புயல் வந்து சேர்வதைவிட, கான்கிரீட் விடுதியில் ஒரு இரவு இருப்பது எவ்வளவோ மேல். ஐடா கொடுத்த அவகாசத்துக்கு டுலேன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அது சரியானதற்குக் காரணம் விடுதியின் சுவர் மட்டும் இல்லை. கரண்ட் வராது என்று தெரிந்த இரண்டாம் நாளே பேருந்தும் போய்ச்சேர வேறொரு ஊரும் கையில் இருந்ததுதான். அது இல்லாமல் ‘உள்ளேயே இருங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதித் திட்டம்தான்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் அங்கே இறங்குவது பெரும்பாலும் ஆகஸ்டில்தான், அட்லாண்டிக் புயல் பருவம் உச்சத்துக்கு ஏறும் மாதத்தில். கார் கிடையாது, அக்கம்பக்கத்தில் சித்தப்பா பெரியப்பா கிடையாது. ‘வளாகத்தைவிட்டு வெளியேறவும்’ என்ற குறுஞ்செய்தி ஹூஸ்டனில் வீடு இருக்கும் பையனுக்கு ஒரு விடுமுறை; போன வாரம் விமானம் இறங்கிய பெண்ணுக்கு ‘எங்கே போவது?’ என்ற கேள்வி. பல்கலைக்கழகமே பேருந்து ஏற்பாடு செய்கிறதா என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட்: சொந்த நிலையமா, காத்திருக்கும் ஜெனரேட்டரா

உள்ளேயே இருப்பது என்று முடிவு செய்தால் எல்லாம் கடைசியில் கரண்டில் வந்து நிற்கிறது. இதிலும் நியூயார்க் பல்கலைக்கழகம் என்ற ஒரே பல்கலைக்கழகம் ஒரே இரவில் இரண்டு விடைகளைக் காட்டியிருக்கிறது. 2012 அக்டோபர் 29, சாண்டி புயல். கடல் நீர் ஏறி ஒரு துணை மின்நிலையம் வெடித்து, நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் தென்பகுதி இருளில் மூழ்கியது. ஆனால் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் சதுக்கக் கட்டடங்கள் பலவற்றில் விளக்கு எரிந்தது. அங்கே பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக 13 மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கும் எரிவாயு நிலையம் இருக்கிறது. மின்சாரத்தோடு, வீணாகும் வெப்பத்தையும் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படுத்தும் வகை. வெளி மின்சாரம் போனதும் தன்னைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓடியது.

கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில், அதே பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவமனை. அங்கே இருந்தவை அவசர ஜெனரேட்டர்கள். டீசல் தொட்டியும் பம்பும் அடித்தளத்தில். அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது, எரிபொருள் மேலே ஏறவில்லை, ஜெனரேட்டர் நின்றது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டில் படிவழியாக இறக்கினார்கள். பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர்கள் மார்போடு அணைத்துக்கொண்டு, கையாலேயே காற்றுப்பையை அழுத்தி மூச்சு கொடுத்தபடி ஒன்பது மாடி இறங்கினார்கள். ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான எலிகள் செத்தன. பல வருட ஆராய்ச்சி அவற்றோடு போயிற்று. பக்கத்து பெல்வியூ மருத்துவமனையில் ஊழியர்கள் வரிசையாக நின்று, பதின்மூன்றாம் மாடி ஜெனரேட்டருக்கு டீசலைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள்.

சொந்த நிலையம் வென்றதற்கு அளவு மட்டும் காரணமில்லை. அது தினமும் ஓடுகிறது. ஏதாவது பழுது என்றால் சாதாரண செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும். அவசர ஜெனரேட்டரோ மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்தப்படுவது. மூன்று நாள் முழுச் சுமையோடு ஓடச்சொல்லும்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியும். அதே சாண்டியில் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் இப்படித்தான் தப்பியது: விமான இன்ஜினிலிருந்து உருவான டர்பைனைக் கொண்ட 15 மெகாவாட் நிலையம், தேவையில்லாத இடங்களில் மின்சாரத்தை நிறுத்திச் சுமையைக் குறைத்துக்கொண்டு ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. எரிவாயுக் குழாயை நம்பித்தான் இந்த நிலையங்கள் நிற்கின்றன. புயலில் மண்ணுக்குள் இருக்கும் குழாய் தப்பும். ஆனால் 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் உறைந்தபோது எரிவாயு வரத்தே தடுமாறியது. இன்னொன்று, நிலையத்தோடு இணைத்த கட்டடங்களுக்குத்தான் வெளிச்சம். நியூயார்க் பல்கலைக்கழகத்திலேயே இணைப்பு இல்லாத விடுதிகள் இருட்டில் இருந்தன.

மொட்டைமாடி சோலார்? பல பேர் இதைத்தான் பதிலாக நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், வெளியே கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கூரை முழுக்கத் தகடு இருந்தும் கீழே விசிறி சுற்றாது.

நம் ஊர் விடுதிகள்

இங்கே நடப்பது பெரும்பாலும் மூன்றாவது வழி. ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார், தேர்வு தள்ளிப்போகும், விடுதி மாணவன் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வான். 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசும் இல்லை, கார்டு தேய்க்கும் கருவியும் ஓடவில்லை. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அங்கே இருட்டு வாரக்கணக்கு.

நம் கட்டடங்களில் ஜன்னல் திறக்கும், டிசம்பர் மாதம் வெக்கையால் யாரும் சாகமாட்டார்கள். அதனால் இங்கே உள்ளேயே இருப்பது பெரும்பாலும் சரியான முடிவுதான். முதல்நாள் சாயங்காலம் ‘எல்லோரும் ஊருக்குப் போங்கள்’ என்று சொல்லிக் கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் துரத்துவது நிச்சயம் தப்பு. ஆனால் டெல்டாவைப் போல வாரக்கணக்கில் கரண்ட் வராது என்று தெரிந்தால், புயல் ஓய்ந்த மறுநாளே கல்லூரிப் பேருந்திலேயே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே முதலில் தீர்ந்துபோவது தண்ணீர். மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டி ஒரு நாளில் காலி, நூறு பேருக்கு ஒரு கழிப்பறைகூட வேலை செய்யாது. சொந்த மின்நிலையம் கட்டுவது நம் கல்லூரிகளுக்கு ஆகிற காரியமில்லை, சரி. ஜெனரேட்டரை அடித்தளத்திலிருந்து ஒரு மாடி உயர்த்தி வைக்கலாம், மெஸ்ஸையும் போர்வெல் மோட்டாரையும் அதோடு இணைக்கலாம், அக்டோபர் பிறக்கும் முன்பே மூன்று நாள் டீசலை நிரப்பி வைக்கலாம். அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது மெயினை அணைத்துவிட்டு, முழுச் சுமையோடு ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம்.