பின்சக்கரத்துக்கு எந்த டியூப்?

ஒரே வாரத்தில் நான்கு பஞ்சர், நான்கும் பின்சக்கரத்தில். அதன் பிறகுதான் டியூப்பையும் யோசித்து வாங்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. என் எடை 84 கிலோ. ஓட்டுவது 29 அங்குலச் சக்கரமும் 2.35 அங்குல அகல டயரும் கொண்ட மலைப்பாதை சைக்கிள். போகும் வழியெங்கும் கல்லும் வேரும்தான்.

முதலில் மாட்டியது பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த மெல்லிய டியூப், சுமார் 130 கிராம். ஒரு வேரின்மேல் ஏறி இறங்கியதுமே ‘புஸ்’. கழற்றிப் பார்த்தால் பாம்பு கொத்தியதுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள். டயர் நசுங்கி, ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொண்டதன் அடையாளம் அது. பாதிப் பழி என்மேல்தான். டியூப்பே இல்லாத டியூப்லெஸ் டயர் ஓட்டும் நண்பரைப் பார்த்து நானும் 22 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்றழுத்தத்தோடு கிளம்பியிருந்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

அடுத்து, ரோஷத்தில் மிகத் தடித்த டியூப் ஒன்றை வாங்கினேன். 400 கிராமுக்கு மேல். நெருஞ்சி முள் டயரைத் துளைத்து உள்ளே வந்தும் காற்று இறங்கவில்லை. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. செங்குத்தான இறக்கங்களில் மட்டும் பாய்கிறவர்களுக்கு அது சரி.

இப்போது ஏழு மாதமாக ஓடுவது 0.9 மி.மீ. தடிமனுள்ள சாதாரண பியூட்டைல், 220 கிராம் அளவில். தடித்ததைவிட விலையும் குறைவு. இரண்டே பஞ்சர், இரண்டும் முள். பசை பூசி, அதன் பளபளப்பு போகும்வரை பொறுத்து ஒட்டினேன், இன்றுவரை நிற்கிறது. பின்னால் 28, முன்னால் 25 பி.எஸ்.ஐ. வைக்கிறேன்.

வாங்கும்போது பெட்டியில் அகலத்தைப் பாருங்கள். 2.1 வரைக்குமான டியூப்பை 2.35 டயரில் போட்டால் காற்றடிக்க அடிக்க ரப்பர் இழுபட்டு மெலிந்துவிடும். தடிமனுக்குக் கொடுத்த காசு வீண். வால்வின் அடிப்பகுதியையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கிழிந்தால் எந்த ஒட்டும் நிற்காது. ரிம்மில் வால்வு நுழையும் துளை 6 மி.மீ. என்றால் ஒல்லியான பிரெஸ்டா வால்வு, 8 என்றால் கார் சக்கரத்தில் இருக்கும் ஷ்ரேடர் வால்வு.

டி.பி.யு. என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த டியூப்பையும் ஒன்று வாங்கினேன். எடை நூறு கிராம்கூட இல்லை, விலையோ பல மடங்கு. வழக்கமான பசையும் ஒட்டும் அதற்கு ஆகாது, தனி ஒட்டு வேண்டும். பையில் கிடக்கும் மாற்று டியூப்பாக மட்டும் அதை வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு பழைய காலுறைக்குள். முன்பு ஒருமுறை பையிலிருந்த ஸ்பேனர் உரசியே புதிய டியூப் ஓட்டையாகி, ஆறு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.