மறைத்துச் சுமக்கும் துப்பாக்கி: டெக்சாஸா, இல்லினாய்ஸா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமமின்றியே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொள்ளலாம். பயிற்சி கட்டாயமில்லை. விரும்பி உரிமம் எடுப்பவருக்குத்தான் 4 முதல் 6 மணி நேர வகுப்பு. இன்னொரு மாநிலமான இல்லினாய்ஸில் வசிப்பவருக்கு உரிமம் கட்டாயம். 16 மணி நேரப் பயிற்சி எடுத்து, 5, 7, 10 கெஜத் தூரத்தில் பத்துப் பத்தாக 30 தோட்டா சுட வேண்டும். 70 சதவீதம் இலக்கில் பட்டால்தான் தேர்ச்சி.

மது விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று: வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வரும் பாருக்குள் துப்பாக்கி கூடாது. டெக்சாஸ் பார் வாசலில் சிவப்பில் பெரிதாக '51%' பலகையே இருக்கும்.

என் ஓட்டு இல்லினாய்ஸ் முறைக்கே. உறையிலிருந்து உருவும்போது விரல் விசைக்குப் போகாமலிருக்கவே நிறையப் பழக வேண்டும். டெக்சாஸில் இருந்தாலும் வகுப்புக்குப் போய்விடுங்கள். குடிக்கப் போகிற இரவில் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.