கப்பல் பயணம் என்று பணம் கேட்டு வந்தால்

தீபாவளி போனஸ் கைக்கு வரும் நேரம் பார்த்து, பெஸ்தாரி ஜெயாவில் மறுபடியும் சொகுசுக் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறார்கள். (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம்மில் பலருக்குச் சட்டென்று புரியும்.) அதே ஏஜெண்ட், அதே மூன்று இரவுப் பயணம், அதே ‘எல்லாம் உள்ளடக்கம்’ விளம்பரம். போன தடவை அந்தக் குழுவில் போய்ப் பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. சில குடும்பங்களின் புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. எந்தெந்த இடத்தில் கையை வைத்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். முதல் முறையாகக் கப்பல் ஏற நினைப்பவர்கள் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த ஏஜெண்ட் அம்மாவைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. பழனி, திருவண்ணாமலை என்று வருஷா வருஷம் ஆள்களைக் கூட்டிப் போய் வருபவர். கோவில் திருவிழாவில் அன்னதான வரிசைக்கு முன்னால் நிற்பார். அதனால் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களெல்லாம் மறு பேச்சு இல்லாமல் மாதா மாதம் கட்டினார்கள். என் அப்பா தென்னமரம் தோட்டத்துப் பக்கம் செம்பனைக் குலை வெட்டியவர். 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்ட இடம் அது. அவர் அதிகம் போன கடல் ஜெராம் பக்கத்து ரெமிஸ் கடற்கரைதான். கப்பலில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

தலைக்கு 1,250 வெள்ளி. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புவது. ஜன்னல் வைத்த அறை, துறைமுக வரி, இந்தியச் சைவச் சாப்பாடு, புக்கெட்டில் சுற்றிப் பார்க்க வேன் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். பணம் போனது அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு. ரசீது கேட்டால், “வாட்ஸ்அப்ல போட்டிருக்கேனே தம்பி, அதுதான் ரசீது” என்பார். கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டால், குழு டிக்கெட் என்பதால் கடைசி வாரம்தான் வரும் என்பார்.

புறப்பட்ட அன்று காலை பஸ் பூலாவ் இண்டாவை நெருங்கும்போது எழுந்து நின்றார். துறைமுக வரி ஏறிவிட்டதாம், தலைக்கு 180 வெள்ளி ரொக்கமாக வேண்டுமாம். பெட்டி படுக்கையோடு பாதி வழியில் உட்கார்ந்திருக்கும்போது யார் சண்டை போடுவார்கள்? எல்லாரும் கொடுத்தோம். பிறகு கப்பலில் வாடிக்கையாளர் முகப்புக்குப் போய் எங்கள் முன்பதிவை அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னேன். அதில் துறைமுக வரி முன்பே கட்டப்பட்டதாகத் தெளிவாக இருந்தது, தொகை ஏறவே இல்லை. பயணக் கட்டணம், துறைமுக வரி, சேவைக் கட்டணம் என்று கப்பல்காரர்கள் தனித்தனி வரியாகத்தான் காட்டுவார்கள். துறைமுக வரியைப் பொதுவாக முன்பதிவோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். அதை பஸ்ஸில் வைத்து ரொக்கமாக யாராவது வசூல் செய்தால் சந்தேகப்படுங்கள்.

பெரியம்மாவுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, இங்கேயே பேரப்பிள்ளை எடுத்தவர். ஆனால் அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரம் சரியாக எடுக்காததால் குடியுரிமை கிடைக்காமலே போனது. அவர் நிலைமையை முன்கூட்டியே ஏஜெண்டிடம் சொல்லியிருந்தோம். “நம்ம துறைமுகத்துல ஏறி நம்ம துறைமுகத்துலயே இறங்குறோம், ஐசி போதும் அண்ணி” என்று என் அம்மாவிடம் சொன்னார். அந்தக் குரல் பதிவு இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. முனையத்தில் பெட்டியைக்கூட வாங்கவில்லை. இந்த மாதிரிக் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு வருவது. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ் இல்லாமல் முகப்பில் ஏற்ற மாட்டார்கள். பெரியம்மா புதுச் சேலையோடு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இறங்கி அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேர் பணமும் போனது.

உங்கள் வீட்டில் சிவப்பு அட்டைக்காரர் இருந்தால் ஏஜெண்டிடம் கேட்பதோடு விடாதீர்கள். நேரே குடிநுழைவுத் துறைக்குப் போய், என்ன பயண ஆவணம் எடுக்கலாம், திரும்பி வர அனுமதி எப்படி, போகிற நாட்டுக்கு விசா வேண்டுமா என்று கேட்டு, கையில் தாள் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். மற்ற பெரியவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: 60 வயதானவர்களுக்குக் கடப்பிதழ்க் கட்டணம் 200 அல்ல, 100 வெள்ளிதான். எங்கள் குழுவில் ஏஜெண்ட் மூலம் எடுத்தவர்களிடம் ‘ஓட்டக் கூலி’ என்று அதற்கு மேலேயும் வாங்கியிருக்கிறார்.

சரி, கப்பலுக்குள் வருவோம். ஜன்னல் அறை என்று சொன்ன இடத்தில் கிடைத்தது உள் அறை. நான்கு பேருக்கு ஒன்று. இரண்டு கட்டில் கீழே, இரண்டு கட்டில் மேல் சுவரிலிருந்து இறக்குவது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. முட்டி வலியோடு இருக்கும் அப்பாவுக்குக் கீழ்க் கட்டில், எனக்கு மேல் கட்டில். உள் அறை ஒன்றும் மோசமில்லை, அதுதான் மலிவு. தூங்க மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். ஆனால் ஜன்னலுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது வேறு விஷயம். விளம்பரத்தில் ‘இவ்வளவு வெள்ளி முதல்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு பேர் பகிரும் உள் அறையில் ஒரு தலைக்கான விலை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கட்ட நேரும். இதை எந்த ஏஜெண்டும் தானாக வாய் திறந்து சொல்வதில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, கப்பல் ஊழியர்களும் தங்கமானவர்கள். ஆனால் எங்கள் பதிவில் சைவம் என்ற குறிப்பே இல்லை என்றார்கள். பெரியவர்கள் சோறும் பருப்பும் பழமுமாகச் சமாளித்தார்கள். கடைசி இரவில்தான் அடுத்த அடி. சேவைக் கட்டணம் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறியிருந்தது, சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதோடு குளிர்பானம், அறைக் குளிர்பெட்டியில் பிள்ளைகள் எடுத்த சாக்லேட், இணையம். கப்பலில் ரொக்கம் புழங்காது. ஏறும்போதே கடன் அட்டையையோ முன்பணத்தையோ அறை அட்டையோடு இணைத்துவிடுவார்கள், தட்டத் தட்ட ஏறிக்கொண்டே போகும். எது இலவசம், எது காசு என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். கைத்தொலைபேசியையும் விமானப் பயண முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு வந்த பில்லைப் பார்த்து அவர் வீட்டுக்காரர் இன்னும் புலம்புகிறார்.

ஏறிய அன்றே அபாயச் சங்கு அடித்ததும் நம் பெரியவர்கள் பதறிவிட்டார்கள். அது கட்டாயப் பயிற்சி. 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்தா கான்கோர்டியா கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ அதை நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

புக்கெட்டில் நடந்தது உயிர் போகிற விஷயம். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை. பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆள்களைக் கரைக்கு இறக்கினார்கள். திரும்பக் கடைசிப் படகு மாலை 5 மணி, கப்பல் நேரப்படி. எங்கள் கப்பல் மலேசிய நேரத்திலேயே ஓடியது. தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் எல்லார் கைத்தொலைபேசியும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. ஏஜெண்ட் ஏற்பாடு செய்த வேன்காரரோ 5 மணி என்றால் அவர் ஊர் 5 மணி என்று நினைத்துக்கொண்டு, முந்திரிக் கடை, நகைக் கடை என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அப்பா மட்டும் பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்தார். “மணி நாலே கால் ஆச்சே, இன்னும் கடையிலயே நிக்கிறோம்” என்று அவர் சொன்ன பிறகுதான் விழித்தோம். வெயிலில் பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஓடி, படகுத்துறையில் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஏஜெண்ட் எங்களுக்கு முன்னால் கப்பலுக்குப் போய்விட்டார்.

கப்பலே நடத்தும் கரைச் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். வெளியில் பிடித்த வேனுக்குக் காத்திருக்காது. தவறவிட்டால் கடப்பிதழும் கையுமாகச் சொந்தச் செலவில் ஊர் திரும்ப வேண்டியதுதான். பெரியவர்களோடு போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலானாலும் கப்பல் சுற்றுலாவையே எடுங்கள், கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து கேட்டால், “கப்பல் கம்பெனியக் கேளுங்க” என்றார். கப்பல் நிறுவனமோ தங்களுக்கு வந்த பணத்துக்கு உள்ள சேவையைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னது, அது உண்மையும்கூட. அதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். ஏஜெண்ட் வாயால் சொன்னது எதுவும் கப்பலுக்குத் தெரியாது. கப்பல் நிறுவனத்தின் உறுதிச் சீட்டில் உங்கள் பெயரும் அறை வகையும் கட்டிய தொகையும் எப்படி இருக்கிறதோ, அதுதான் நீங்கள் வாங்கியது. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடப்பிதழில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை வைத்து நீங்களே நிறுவனத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். அதற்குப் பிறகு மீதிப் பணம் கொடுத்தால் போதும்.

இன்னொன்று உரிமம். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி பயண ஏற்பாட்டுத் தொழில் செய்ய சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். கேபிகே/எல்என் என்று தொடங்கும் எண்ணைச் சுவரொட்டியில் பார்க்கலாம். எங்கள் சுவரொட்டியிலும் ஓர் எண் இருந்தது. அந்த அமைச்சின் (மோத்தாக்) இணையப் பக்கத்தில் தேடினால் அது வேறு மாநிலத்து நிறுவனத்துடையது. அவர்களுக்கு இந்த அம்மாவைத் தெரியவே தெரியாது. எண் இருப்பது போதாது, யாருடைய எண் என்று பார்க்க வேண்டும்.

பணத்தை மீட்க நாங்கள் போனது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு, மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. பாரம் 1 நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் முடியாது. வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், அந்த ‘ஐசி போதும்’ குரல் பதிவு, கப்பல் கொடுத்த அச்சுப் பிரதி எல்லாம் கொண்டு போனோம். பெரியம்மா, அண்ணன் கட்டணத்தையும் இரண்டாவது தடவை வாங்கிய துறைமுக வரியையும் திருப்பித் தரும்படி உத்தரவு கிடைத்தது. ஜன்னலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதை வாயாலேயே சொல்லியிருந்தார். உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம் என்று சொன்ன பிறகுதான் பணம் வந்தது, அதுவும் இரண்டு தவணையாக.

இப்போதுதான் பணம் போட்டு, ஆள் தொடர்பில் இல்லை என்றால் நடுவர் மன்றம் வரை காத்திருக்காதீர்கள். உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். எங்களோடு வந்த குடும்பங்களில் இன்னும் மனு போடாதவர்கள் இருந்தால், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். பாரம் மலாயில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் இருப்பேன். வங்கிச் சீட்டையும் ஐசி நகலையும் எடுத்து வாருங்கள், நிரப்பித் தருகிறேன்.