மேனிஃபோல்டு பிரஷர் சொல்லித்தருகிறோம் என்று 340 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பிஸ்டன் விமான இன்ஜின்களின் மேனிஃபோல்டு பிரஷரை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில் இருக்கும் அழுத்தத்தை, அக்குவேறு ஆணிவேறாகப் புரியவைப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் பயிற்சித் தளத்துக்கு 340 டாலர் அழுதிருக்கிறேன். பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வருமாம். சரி, சொல்லவில்லை.

நான் இதுவரை ஓட்டியதெல்லாம் பிட்ச் (இறக்கையின் சாய்வு) மாறாத ப்ரொப்பெல்லர். த்ராட்டிலைத் தள்ளினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறும், அவ்வளவுதான். கான்ஸ்டன்ட் ஸ்பீடு ப்ரொப்பெல்லரில் கவர்னர் என்ற கருவி பிட்சை மாற்றி மாற்றி ஆர்பிஎம்மைப் பிடித்துவைத்துக்கொள்ளும். த்ராட்டிலை அசைத்தால் நகர்வது மேனிஃபோல்டு பிரஷர் முள். அதைச் சரியாகப் படிக்கத்தான் இந்த கோர்ஸ்.

இலவசப் பாடம் உண்மையிலேயே பிரமாதம். த்ராட்டில் தகடு மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் தகட்டுக்கு இன்ஜின் பக்கம் அழுத்தம் விழுகிறது, ஐடிலில் (இன்ஜின் சும்மா ஓடும்போது) முள் பாதரச அளவில் 10, 12 அங்குலம் என்று கீழே கிடப்பது அதனால்தான் என்று அழகாகக் காட்டினார்கள். உயரே போனால் முழு த்ராட்டிலிலும் ஏன் பழைய அளவு கிடைப்பதில்லை என்று சாட்டில் கேட்டேன். வெளிக்காற்றே 1,000 அடிக்குச் சுமார் 1 அங்குலம் குறைகிறது, டர்போ (காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத இன்ஜின் அதைத் தாண்டி எங்கே போகும் என்று உடனே பதில் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்களை யார்தான் சந்தேகிப்பார்கள்? அந்தப் பதிலைப் படித்த கையோடு 340 டாலரைக் கட்டினேன்.

கட்டணப் பாடங்களில் குரலே வேறு. இன்ஜின் நின்றிருந்தால் முள் பூஜ்யத்துக்கு வரவேண்டும், வராவிட்டால் கேஜ் பழுது என்று ஒரு அனிமேஷன். இது வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவி ஐயா! இன்ஜின் நின்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடல் மட்டத்தில், திட்ட வளிமண்டலத்தில் அது 29.92 அங்குலம். கூத்து என்னவென்றால், அடுத்த ஸ்லைடிலேயே நிஜ கேஜின் புகைப்படம். அதில் அளவுகோல் 10இல்தான் தொடங்குகிறது. பூஜ்யமே கிடையாது!

அதைக்கூடச் சிரித்துவிட்டு விடலாம். பறக்கும்போது இன்ஜின் செத்தால் மேனிஃபோல்டு பிரஷர் முள் விழுந்து காட்டிக்கொடுக்கும் என்றார்களே, அதுதான் ஆபத்து. ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை முள் பெரிதாக எதுவும் சொல்லாமல் நிற்கலாம். இரட்டை இன்ஜின் விமானத்தில் அதை நம்பி எந்த இன்ஜின் நின்றது என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? அப்புறம் அந்தப் பழைய பல்லவி: அங்குலக் கணக்கு, ஆர்பிஎம்மின் நூறு கணக்கைத் (2,300 என்றால் 23) தாண்டவே கூடாதாம். 2,300 ஆர்பிஎம்முக்கு 24 அங்குலம் என்று கையேட்டு அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கும் விமானங்கள் உண்டு. டர்போ இன்ஜின்கள் பலவற்றில் டேக்-ஆஃபுக்கே 30 அங்குலத்துக்கு மேல் அனுமதி.

தப்பைச் சுட்டி எழுதினேன். "முழு கோர்ஸையும் முடித்துவிட்டுக் கேளுங்கள்" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். "பாதிக்கு மேல் பார்த்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். முடிக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றால், அதற்கு ஒரு தானியங்கிப் பதில், கடைசியில் புன்னகைக்கும் பொம்மையோடு. கட்டும்வரை சாட்டில் உட்கார்ந்திருந்த ஆள் எந்த உலகத்துக்குப் போனாரோ தெரியவில்லை. 340 டாலருக்கு விமானத்திலேயே கொஞ்ச நேரம் பறந்திருக்கலாம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இலவசப் பாடத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ரீஃபண்ட் விதியைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், சாட்டைப் படம் எடுத்து வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது முள் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள், பூஜ்யம் என்றால் ஓடிவிடுங்கள். எண்களுக்கு உங்கள் விமானத்தின் கையேடு, சந்தேகத்துக்கு உங்கள் பயிற்சியாளர். கார்டு கொடுத்த வங்கியில் 340 டாலருக்குப் புகார் போட்டிருக்கிறேன். கோர்ஸ் முடித்ததற்கான சான்றிதழை மட்டும் இன்று காலை ஒழுங்காக அனுப்பிவைத்திருக்கிறார்கள், அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை.