கல்யாணப் பேக்கேஜில் வரும் ‘தம்பதி மரம்’: கன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

மேடை அலங்காரத்தோடு ‘தம்பதி மரம்’ என்று அரசும் வேம்பும் ஜோடியாக விற்பது இப்போது பரவியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து நட்டு, வளர்ந்தபின் அவற்றுக்கே கல்யாணம் செய்துவைத்து, அடியில் பிள்ளையாரையும் நாகரையும் வணங்குகிற ஊர்கள் நம்முடையவை. அதில் ஒரு குறையும் இல்லை. கொண்டுவந்து இறக்குகிற கன்றில்தான் ஏமாற்று.

அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் மணமக்கள் கையால் நட்ட ஜோடியில் அரசு என்று வந்தது பூவரசு. வேம்பு என்று வந்தது மலைவேம்பு. பெண் வீட்டார் கேட்டபோது, “எல்லாம் ஒரே சாதிதான் சார்” என்று அலங்காரக்காரர் சொல்லிவிட்டார். ஒரே சாதி இல்லை. அரச இலையின் நுனி வால் போல நீண்டு தொங்கும், காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பூவரசின் இலையும் இதய வடிவம்தான், ஆனால் நுனி குட்டை, காம்பைக் கிள்ளினால் அப்படிப் பால் வராது. வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் அரிவாள் போல் வளைந்த சிற்றிலைகள் இருக்கும். மலைவேம்பில் ஈர்க்கிலிருந்து மறுபடி ஈர்க்கு கிளைத்து, அதில்தான் இலை. கசப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டும் கசக்கும். பிளைவுட்டுக்காக வளர்க்கிற மலைவேம்புக் கன்று பண்ணைகளில் மலிந்து கிடப்பதால் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

சரியான மரமே வந்தாலும் வேரைப் பார்க்க வேண்டும். பழைய சுவரிலும் கிணற்று இடுக்கிலும் தானாக முளைத்த அரசைப் பிடுங்கி, வேர் அறுந்த நிலையில் பையில் மண்ணோடு அமுக்கிக் கொண்டுவருபவர்கள் உண்டு. சிலர் வெறும் கிளையை வெட்டி ஊன்றிவிடுவார்கள். கிளையில் சேர்ந்திருக்கும் சத்தில் துளிர் வரும், அதைக் காட்டி ‘பிடித்துவிட்டது’ என்பார்கள். சில வாரத்தில் துளிர் கருகும். தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மண்கட்டியோடு சேர்ந்து எழுந்தால் நல்ல கன்று. தண்டு மட்டும் உருவிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று ஆறடிக் கன்றைச் சின்னப் பையில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே வேர் சுருண்டு சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கும், தரையில் வைத்தபிறகும் அந்தச் சுருளை விட்டு எளிதில் வெளியே வராது, பெருங்காற்றில் சாயும். இரண்டு, மூன்று அடி உயரம் போதும்.

ஒரே பையில் இரண்டையும் வைத்து மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தருவது இன்னொரு கெடுதல். தண்டு பருக்கும்போது கயிறு பட்டையை அறுக்கும். அரசு முந்தி வளர்ந்து வேம்பின் வெயிலை மறைத்துவிடும். தனித்தனிப் பையில் கேளுங்கள். இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் இரு குழி எடுத்து, நான்கைந்து அடி தள்ளி, வெயில் அதிகம் விழும் பக்கம் வேம்பை வையுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். பையைப் பக்கவாட்டில் பிளேடால் கீறி எடுக்க வேண்டும், மண்கட்டி உடையக்கூடாது. வேம்பின் அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

முகூர்த்த நேரம் பெரும்பாலும் காலை. அப்போது நட்டால் அன்றைய வெயில் முழுவதும் கன்றின் தலையில்தான். பூஜையை, பையில் இருக்கும் கன்றுக்கே செய்துவிட்டு மாலையில் நடலாம். பங்குனி, வைகாசிக் கல்யாணம் என்றால் நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஐப்பசி மழையில் நடுவதே உத்தமம்.

விற்பவர் வாயே திறக்காத விஷயம் இடம். அரச வேர் அஸ்திவாரத்தையும் செப்டிக் டேங்க்கையும் கிணற்றுச் சுவரையும் பிளக்கும். நாற்பதடியாவது தள்ளி இடமில்லாதவர்கள் வீட்டில் அரசு நடவே கூடாது. ஊர்ப் பொதுவிடத்திலோ கோயில் நிலத்திலோ அனுமதி கேட்டு நடலாம். வீட்டிலேயே வேண்டும் என்றால் கல்யாண முருங்கை இருக்கிறது. பல ஊர்களில் கல்யாணப் பந்தலில் நடும் அரசாணிக்காலோடு வைப்பதே அதன் கிளைதான். கைப்பருமனில், மூன்று நான்கு அடிப் போத்தாக, காயாத கிளையைக் கேட்டு வாங்கி, ஓரடி ஆழம் ஊன்றினால் வேர்விடும். முள் இருக்கும், குழந்தைகள் ஓடும் வழியில் வேண்டாம்.

கூடுதல் காசுக்குச் சந்தனக் கன்றும் தருகிறார்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்தெடுத்து வாழ்வது. பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைச்செடியாக இருக்கவேண்டும், தரையில் நட்டபின் சவுக்கு, வேம்பு மாதிரி நீடிக்கும் மரம் அருகில் வேண்டும். தனியாக நிற்கும் சந்தனக் கன்று மெல்ல மஞ்சளித்துச் செத்துப்போகும். ‘உங்கள் மண் சரியில்லை’ என்று பழியை உங்கள் மேல் போடுவார்கள்.

பில்லில் ‘மரக்கன்று’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். மரத்தின் பெயர், உயரம், எண்ணிக்கை, பட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பது வரை எழுதி வாங்குங்கள். முன்பணத்தில் கன்றுக்கான தொகையைத் தனியாகப் பிரித்து, கன்றைக் கண்ணால் பார்த்தபின் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள், இலையையும் வேரையும் படமெடுத்து, பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.